தானம் என்னும் சொல்: பழஞ்சின்னங்களைக் காப்பதில் நம் கடமை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், இக்கழகம் எதனால் நிலைபெற்றது என்று எண்ணிப் பார்க்கிறோம். பிற்காலத்தில் கிடைத்த உதவிகள் பல. ஆனால் அவை அனைத்திற்கும் முன்னே வந்தது நம் தாய்மார்களின் பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டுவைத்து, வாரந்தோறும் கழகத்திற்கு அளித்தனர். அதனை விற்றுவந்த பணத்தில்தான் மாலைப் பாடசாலைக்கு முதல் கரும்பலகையும் இரண்டு கோரைப்பாய்களும் வாங்கினோம். இதனை நம் இளைஞர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வாண்டுப் பொதுக்குழுவில் இளம் உறுப்பினர் சிலர் ஒரு தீர்மானம் கொணர்ந்தனர். தொன்மையான இடங்களைப் பாதுகாக்கவும் அவற்றை ஆராயவும் நம் கழகத்தின் பெயரால் ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கவேண்டும் என்பது அத்தீர்மானம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்கே பணம் போதவில்லை, பாழடைந்த கல்லுக்கும் உடைந்த பானைக்கும் நாம் ஏன் கொடுக்கவேண்டும்? அவற்றைக் கட்டியவர்கள் அரசர்கள், காக்க வேண்டியதும் அரசாங்கமே" என்று கேட்டார். அவையில் பலரும் அதனை ஆமோதித்தனர். அக்கேள்வி நியாயமானது, வறுமையை அறிந்தவர் கேட்ட கேள்வி. ஆகவே அதனைத் தட்டிக்கழியாமல், வரலாற்றைக்கொண்டே விடைகாண முயல்கிறோம்.

கட்டியவர் யார்?

முதலில், அவற்றைக் கட்டியவர்கள் அரசர்களே என்னும் எண்ணத்தை ஆராய்வோம். மத்தியப் பிரதேசத்தில், பண்டைய விதிசை நகருக்கு அருகே உள்ளது சாஞ்சி. அங்குள்ள பெரிய தூபி ஏறத்தாழ 36 மீட்டர் குறுக்களவும் 16 மீட்டர் உயரமும் உடையது. அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுப்பப்பெற்ற சிறு தூபியின்மேல், பிற்காலத்தில் கற்கள் போர்த்தி, கல்வேலியும் நான்கு தோரண வாயில்களும் அமைத்தனர். அசோகர் பேரரசர், அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின் அக்கல்வேலியை எழுப்பியவர் யார்?

விடை அக்கற்களிலேயே உள்ளது. சாஞ்சிக் குன்றில் 800-க்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள் படிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வரி அளவின. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் அளித்த தானம் என்பதே அவற்றின் செய்தி. அளித்தோர் பட்டியலில் வணிகர் உளர், நெசவாளர் உளர், எழுத்தர் உளர், இல்லறத்துப் பெண்டிர் உளர், பிக்குகளும் பிக்குணிகளும் மிகப்பலர். ஊரார் ஒன்றுகூடி அளித்த கற்களும் உள்ளன. தெற்குத் தோரண வாயிலின் சிற்ப வேலையைச் செய்தவர்கள் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. யானைத் தந்தத்தில் சிறுபொருள்கள் செதுக்கி வாழ்ந்த கைவினைஞர்கள் தம் தொழில் நுட்பத்தைக் கல்லில் காட்டினர். ஒருவர் ஒரு தூண், ஒருவர் ஒரு குறுக்குக் கல், ஒருவர் தரையில் பாவும் ஒரு பலகை என்று அளித்தே அம்மாபெரும் வேலி உருவாயிற்று. அரசர் பெயர் அங்கு மிக அருகியே காணப்படுகிறது.

ஆகவே, சாஞ்சியும் ஒருவகையில் பிடியரிசியால் எழுந்ததே.

பூட்டைத் திறந்த சொல்

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டின் பழமையான பிராமி எழுத்தைப் படிக்கும் முறை பல நூற்றாண்டுகளாக மறைந்து போயிருந்தது. தில்லியிலும் அலகாபாத்திலும் நின்ற அசோகர் தூண்களை எல்லோரும் கண்டனர், படிப்பார் இலர். கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அவ்வெழுத்தைப் படிக்கப் பல்லாண்டு முயன்றார்.

1837-ஆம் ஆண்டில், சாஞ்சியின் வேலிக் கற்களிலிருந்த சிறு எழுத்துகளின் படிகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கண்டார். இத்தனை சிறு வரிகள் ஒரே சொல்லில் முடிவானேன் என்று எண்ணினார். கோயில்களில் பக்தர்கள் அளிக்கும் பொருள்களின்மீது பெயரெழுதும் வழக்கம் அவர் நினைவுக்கு வந்தது. அச்சொல் 'தானம்' என்பதாகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். அதனால் 'தா', 'ந' என்னும் எழுத்துகளும் இறுதி மெய்யைக் காட்டும் புள்ளியும் உறுதியாயின. அங்கிருந்து ஏனைய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. அடுத்த ஆண்டுக்குள் அசோகரின் சாசனங்களை உலகம் படிக்கத் தொடங்கியது.

இதன் பொருளை நம் இளைஞர்கள் ஊன்றி நோக்கவேண்டும். பேரரசர் ஒருவர் பெருந்தூண்களில் வெட்டுவித்த நீண்ட சாசனங்கள் தம்மைத்தாமே விளக்கிக்கொள்ள இயலவில்லை. பெயர் தெரியாத நெசவாளரும் பிக்குணியரும் அளித்த சிறு கொடைகளின் கடைசிச் சொல்தான் அப்பூட்டைத் திறந்தது. அக்கற்களைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டிருந்தால் அத்திறவுகோலும் உடன் எரிந்திருக்கும்.

தோல் தொழிலாளி விதிகன்

அவ்வாறு எரிந்துபோன இடமும் ஒன்றுண்டு. அதுவே ஆந்திர நாட்டின் அமராவதி.

கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில், பண்டைய தான்யகடக நகரின் அருகே, ஏறத்தாழ 50 மீட்டர் குறுக்களவில் ஒரு மகாசைத்தியம் நின்றது. கிறித்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொடங்கி, சாதவாகனர் காலத்தில் அது பேரழகு பெற்றது. வெளிர்ப்பச்சைச் சாயல் கொண்ட சுண்ணக்கல்லில் புத்தர் வரலாற்றையும் சாதகக் கதைகளையும் செதுக்கினர். அங்கும் கொடையாளர் தம் பெயர்களைப் பொறித்தனர். தமிழ் மரபினன் என்று கருதப்படும் 'தமிள கண்ணன்' என்பானும் அவன் உடன்பிறந்தாரும் அளித்த கல்லும் அவற்றுள் ஒன்று.

நம் உள்ளத்தை நிறுத்துகின்ற மற்றொரு கல்லும் அங்கு உண்டு. பூரண கும்பம் செதுக்கிய பலகைக் கல் அது. அதனை அளித்தவன் பெயர் விதிகன். அவன் தன்னை 'சம்மகாரன்', அதாவது தோல் தொழிலாளி, என்று குறித்துள்ளான். தன் தாய், மனைவி, உடன்பிறந்தார், மகன், மகளிர், உறவினர், நண்பர் ஆகிய அனைவரோடும் சேர்ந்து அக்கொடையை அளித்ததாகக் கூறுகிறான். தன் தந்தையின் பெயர் நாகன் என்றும், அவர் ஓர் உபாத்தியாயர் என்றும் குறிக்கிறான்.

தோல் தொழிலாளி, ஆசிரியரின் மகன். இவ்விரண்டு சொற்களும் ஒரே கல்லில், ஒரே மனிதனைக் குறித்து, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டுள்ளன. தோலைத் தொட்டவன் எழுத்தைத் தொடலாகாது என்று விதித்த பிற்காலச் சமுதாயத்தை நாம் அறிவோம். அவ்விதி என்றுமே இருந்துவந்தது, ஆகவே என்றும் இருக்கும் என்று நம் முன்னோரிடம் சொல்லப்பட்டதையும் அறிவோம். அக்கூற்றுக்கு இக்கல் எதிர்ச்சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். விதிகன் நம் நேர் மூதாதை என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. அதற்குச் சான்றில்லை. அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்றும் கூறவில்லை. ஒரு கல்லைக்கொண்டு ஒரு காலத்தையே அளந்துவிட முடியாது. அக்கல் சொல்வதை மட்டுமே நாம் சொல்கிறோம்: ஒரு தோல் தொழிலாளி தன் தொழிலை மறைக்காமல், தன் குடும்பத்தின் பெயரோடு, எல்லோரும் வலம்வரும் புனித இடத்தில் ஒரு கல் அளித்தான்; அதனை ஏற்றுப் பதித்தனர். இவ்வளவே நமக்குப் போதும். மிகைப்படுத்திய வரலாறு ஒருநாள் உடைந்துபோகும். சான்றுள்ள வரலாறு நிற்கும்.

அமராவதி அழிந்த கதை

கி.பி. 1344-ஆம் ஆண்டுக்குரிய இலங்கைக் கடலதெனியக் கல்வெட்டு, தம்மகித்தி என்னும் தேரர் தான்யகடகத்தில் ஒரு படிமக் கோயிலைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகிறது. கடல் கடந்து வந்த அறக்கொடை அது. அதன்பின் அவ்விடம் மறக்கப்பட்டது, மண் மூடியது. மண் மூடியவரை அதற்குத் தீங்கு நேரவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்னும் ஜமீன்தார் தம் புதிய ஊரை அங்கே அமைத்தார். கட்டடங்களுக்குக் கல்லும் செங்கல்லும் தேவைப்பட்டன, மேட்டைத் தோண்டினர். 1797-இல் கர்னல் காலின் மெக்கன்சி அவ்விடத்தைக் கண்டு வியந்தார். 1816-இல் அவர் மீண்டும் வந்தபோது தூபியின் நடுப்பகுதி பெரிதும் தோண்டப்பட்டு அங்கே குளம் வெட்டும் வேலை நடந்திருந்தது. சிற்பக் கற்கள் பல கட்டடங்களிலும் படிக்கட்டுகளிலும் போய்ச்சேர்ந்தன. சுண்ணக்கல் ஆதலால் பல கற்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். எத்தனை விதிகன்கள் அக்காளவாயில் எரிந்தனர் என்பதை எவரும் இனி அறிய இயலாது.

மெக்கன்சியும் அவருடைய நில அளவையாளர்களும் எஞ்சியதை அளந்து வரைபடங்கள் எழுதினர். கல் அழிந்த பின்னும் சில சிற்பங்களின் உருவத்தை நாம் அறிவது அவ்வரைபடங்களால்தான். 1845-இல் வால்டர் எலியட் பல கற்களைத் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே அவை சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பின்னர் அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை இலண்டனுக்குக் கப்பலேறின. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1877-இல் ராபர்ட் சீவெல் ஒரு பகுதியை முறையாக ஆராய்ந்தார். ஆனால் 1880-இல் சென்னை ஆளுநரின் ஆணையால் அவசர அவசரமாக மேடு முழுவதும் தோண்டப்பட்டது. எக்கல் எவ்விடத்தில் எந்நிலையில் இருந்தது என்னும் குறிப்பு இல்லாமலே பல கற்கள் பெயர்க்கப்பட்டன. அடுத்து வந்த ஜேம்ஸ் பர்ஜெஸ், சிதறிய கற்களைத் தொகுத்து வெளியிடும் பணியையே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

அமராவதி இருமுறை அழிந்தது என்று சொல்லலாம். அறியாமையால் ஒருமுறை; அவசரத்தால் மறுமுறை. கல்லைக் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. கல் கிடந்த இடத்தின் செய்தியையும் காப்பதே பாதுகாப்பு. ஆராய்ச்சிக்குப் பணமும் பொறுமையும் வேண்டும் என்று அறிஞர் கூறுவது இதனாலேயே.

காத்த கைகள்

சாஞ்சியும் இவ்வாறே அழிந்திருக்கக் கூடும். 1818-இல் ஜெனரல் டெய்லர் கண்டபோது பெரிய தூபி பெரும்பாலும் முழுமையாக இருந்தது. 1822-இல் புதையல் ஆசையோடு அதன் ஒரு பக்கத்தைப் பிளந்தனர். புதையல் கிடைக்கவில்லை, மதிலும் வாயிலும் சரிந்தன. ஆயினும் சாஞ்சி மீண்டது. எவ்வாறு?

சாஞ்சி அன்று போபால் அரசின் எல்லைக்குள் இருந்தது. போபாலை ஆண்டவர்கள் பேகம்கள், இசுலாமியப் பெண்ணரசிகள். ஷாஜஹான் பேகமும் அவர் மகள் சுல்தான் ஜஹான் பேகமும் சாஞ்சியின் பாதுகாப்புக்குப் பொருளுதவி செய்தனர். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் அங்கு நடத்திய சீரமைப்பிற்கும், அருங்காட்சியகத்திற்கும், ஆராய்ச்சி வெளியீட்டிற்கும் சுல்தான் ஜஹான் பேகம் துணைநின்றார். தம் சமயத்துக்கு உரியதல்லாத ஒரு தூபியைத் தம் நாட்டின் செல்வமாகக் கருதிய அப்பெருமாட்டியை நாம் போற்றுதல் வேண்டும். காடு திருத்தினர்; நீர் வடியக் கால்வாய் அமைத்தனர்; சரிந்த கற்களை அவற்றின் பழைய இடத்தில் நிறுத்தினர். 1989-இல் சாஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அகழ்வாய்வுக்கும் அவ்வாறே கொடை வந்ததுண்டு. அசோகரின் தலைநகரான பாடலிபுத்திரத்தை அகழ்வதற்கு அரசிடம் போதிய நிதி இல்லாதிருந்த காலத்தில், தொழிலதிபர் சர் ரத்தன் டாட்டா ஆண்டுதோறும் பணம் வழங்க முன்வந்தார். 1913-இல் டி. பி. ஸ்பூனர் பாட்னாவுக்கு அருகிலுள்ள கும்ரகாரில் தொடங்கிய அகழ்வாய்வில், வரிசையாகத் தூண்கள் நின்ற மௌரியர் கால மண்டபம் ஒன்றின் சுவடுகள் வெளிப்பட்டன.

இவர்கள் அரசியரும் செல்வரும் அல்லவா, நம்மால் இயலுமா என்று கேட்கத் தோன்றும். சாஞ்சியின் 800 கல்வெட்டுகளும் அதற்கு விடை கூறுகின்றன. காத்தவர் செல்வராயினும், கட்டியவர் நம்மைப் போன்றவரே.

காண வந்தவரைத் தடுத்த காலம்

நம்மவர்க்கும் தொல்லிடங்களுக்கும் உள்ள உறவு எளிதாக வந்ததன்று. 1934-ஆம் ஆண்டில் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் தம் தோழர்கள் ஏறத்தாழ முப்பதின்மரோடு ஒரு பயணம் சென்றார். வேரூல் எனப்படும் எல்லோராவிலுள்ள பௌத்தக் குகைகளைத் தவறாமல் காணவேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். வழியில் தௌலதாபாத் கோட்டையைக் காண இறங்கினர். நெடும்பயணத்தின் புழுதி போக, கோட்டை வாயிலிலிருந்த தொட்டி நீரில் சிலர் முகம் கழுவினர். உடனே, தீண்டத்தகாதவர் தொட்டியைத் தீட்டாக்கிவிட்டனர் என்று கூச்சல் எழுந்தது, கூட்டம் கூடியது. முடிவில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டு, ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவரை உடன் அனுப்பியே உள்ளே விட்டனர். 1990-இல் நூலாக வந்த அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சி உள்ளது.

தம் நாட்டின் பழஞ்சின்னத்தைக் காணச் சென்ற பேரறிஞர், காவலுக்கு உட்பட்ட குற்றவாளிபோல் நடத்தப்பட்டார். ஆயினும் அவர் அத்தொன்மையை வெறுக்கவில்லை. 1946-இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் 'சித்தார்த்தர்' பெயரையும், 1950-இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிக்கு 'மிலிந்தர்' பெயரையும் இட்டார். பழைய வரலாற்றைப் புதிய பிள்ளைகளின் கையில் கொடுத்தார். கல்வியும் தொல்லியலும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை.

அவருக்கு முன்னரே நம் தமிழகத்தில் பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் இதழ் நடத்தினார். நம் மக்களின் பழைய வரலாறு என்ன என்னும் வினாவை அச்சில் எழுப்பினார். அவர் கூறிய முடிபுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆனால் அவ்வினாவை இனி எவரும் அடக்க முடியாது. வினாவை அவர் எழுப்பினார். சான்றைத் தேடித்தருவது நம் கடன்.

நம் நிலத்தில்

சான்று நம் ஊர்களிலும் உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில், 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தில் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்கும் பாணித வணிகன் ஒருவன், கலப்பைக் கொழு விற்பவன் ஒருவன் ஆகியோர் அங்கே காணப்படுகின்றனர். துறவிகள் தங்குவதற்கு அவர்கள் அளித்த கொடை அது. மதுரை வட்டாரத்தில் இத்தகைய குன்றுகள் பலவற்றைக் கல்லுடைப்புத் தொழில் நெருங்கி வந்ததை நாம் அறிவோம். குன்று போனால் உப்பு வணிகனின் பெயரும் போகும்.

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழ்வாய்வு தனியாருக்குரிய தென்னந்தோப்புகளில் நடந்தது. நிலத்தை உடையோர் இடந்தராவிடில் அச்செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டிரா. இடந்தருவதும் ஒரு தானமே. 2019-இல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் அறிக்கை, அங்குள்ள வாழ்விடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுசென்றது. பானை ஓடுகளில் எளிய மக்களின் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அரண்மனைக் கல்வெட்டுகளில் இடம்பெறாத மக்களுக்குப் பானை ஓடே பட்டயம். நமக்கென்று செப்பேடுகள் இல்லை; ஓலைகள் மிகக்குறைவு. ஆகவே மண்ணுக்குள் இருப்பது பிறரைவிட நமக்கே மிகுதியும் வேண்டற்பாலது. மூத்த உறுப்பினரின் கேள்விக்கு நாம் கூறும் முதல் விடை இதுவே.

அகழ்வாய்வுக் குழிகளில் மண் சீவுவோரும் சுமப்போரும் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கூலித் தொழிலாளர்களே. மண்ணின் நிறமாற்றத்தைக் கையால் உணர்ந்து, ஓடு உடையாமல் எடுக்கும் திறன் அவர்களிடம் உள்ளது. அவர்தம் பிள்ளைகள் அக்குழியின் விளிம்பில் அளவுகோலும் குறிப்பேடும் ஏந்தி நிற்கும் நாள் வரவேண்டும்.

கொடை எதற்குப் பயன்படும்?

மண்ணைத் தோண்டுவதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. ஒவ்வோர் ஓட்டையும் கழுவி, எண்ணிட்டு, வரைந்து, படமெடுத்துப் பாதுகாக்கவேண்டும். கரித்துண்டுகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிக் காலம் கணிக்கவேண்டும். பின்னர் அறிக்கை எழுதி அச்சிடவேண்டும். அறிக்கை வெளிவராத அகழ்வாய்வு, படித்தபின் எரித்துவிட்ட ஏட்டுக்கு ஒப்பாகும். ஏனெனில் தோண்டிய மண்ணை மீண்டும் தோண்ட இயலாது.

பாதுகாப்பிலும் இவ்வாறே. பழஞ்சுவரில் சிமெந்து பூசுவது தீங்கு. பழைய சுண்ணாம்புச் சாந்தோடு அது ஒட்டாது. ஈரத்தை உள்ளே அடைத்துக் கல்லை அரிக்கும். பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசுவதற்கு நாளும் கூலியும் மிகுதி. இல்லாத உறுப்பைக் கற்பனையால் செய்து ஒட்டாமல், உள்ளதை உள்ளவாறே நிலைநிறுத்த வேண்டும் என்பது 1923-இல் மார்ஷல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டின் அடிப்படை. இவற்றுக்கெல்லாம் பெருந்தொகையைவிட இடைவிடாத சிறுதொகையே உதவும். புல் பிடுங்குவதற்கும் நீர்த்தாரை அடைப்பெடுப்பதற்கும் ஆண்டுதோறும் ஆள் வேண்டும் அல்லவா?

கொடையளிக்க முறையான வழிகள் உள்ளன. மத்திய அரசு 1996-இல் நிறுவிய தேசியப் பண்பாட்டு நிதியம் பொதுமக்களிடமிருந்து நன்கொடை பெறுவதற்கென்றே அமைந்த அறக்கட்டளை. இன்ன பணிக்கென்று குறித்தும் அதற்கு வழங்கலாம். பல்கலைக்கழகங்களின் தொல்லியல் துறைகளில் மாணவர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தலாம். எவ்வழியாயினும், இரசீதும் கணக்கும் இல்லாத இடத்தில் ஒரு காசும் கொடுத்தல் ஆகாது. தூபியின் ஒரு தூணுக்குக்கூடக் கொடுத்தவன் பெயர் பொறித்துக் கணக்குக் காட்டிய நாடு இது.

நாம் செய்யக்கூடியவை

பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு இரண்டாம் விடையாக, நம் கழகத்தின் முன் சில முடிபுகளை வைக்கிறோம்.

முதலாவது: கல்வி நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் கூடாது. மூத்தவர் கூறியதை ஏற்கிறோம். பிள்ளையின் கட்டணத்தைக் குறைத்துக் கல்லுக்குக் கொடுப்பது அறமன்று. இதற்கெனத் தனி உண்டியல் வைப்போம். அதில் சேர்வது சிறிதாயினும் ஆண்டுதோறும் தவறாமல் அனுப்புவோம்.

இரண்டாவது: நம் மாணவருள் ஆண்டுக்கு ஒருவரையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், கல்வெட்டியலோ தொல்லியலோ பயில ஊக்குவிப்போம். மருத்துவரும் பொறியாளரும் நமக்கு வேண்டும். விதிகனின் கல்லைத் தாமே படிக்கவல்ல ஒருவரும் வேண்டும். பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பவர் வரலாற்றில் என்றும் விருந்தினரே.

மூன்றாவது: நம் ஊர்ப்புறங்களில் முதுமக்கள் தாழியோ, நடுகல்லோ, பழங்காசோ கிடைத்தால் மறைக்காமலும் விற்காமலும் வட்டாட்சியர்க்கோ மாவட்ட ஆட்சியர்க்கோ தெரிவிப்போம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதனையே கட்டளையிடுகிறது. நாமே தோண்டிப் பார்த்தல் வேண்டா. எடுத்த பொருளைவிட, அது கிடந்த நிலையே ஆராய்ச்சியாளர்க்கு மிகுதியும் பேசும். கல்வெட்டின்மேல் வெள்ளையடிப்பதும் பெயர் கிறுக்குவதும் நம் பிள்ளைகள் செய்யாதிருக்கக் கற்பிப்போம்.

நான்காவது: ஆண்டுக்கொருமுறை நம் மாணவர்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோம். அமராவதிச் சிற்பங்கள் அங்கே உள்ளன. அவற்றைப் பற்றிச் சி. சிவராமமூர்த்தி 1942-இல் எழுதிய ஆராய்ச்சி நூல் இன்றும் அறிஞர் போற்றுவது. 1934-இல் பாபாசாகேபுக்குச் சிப்பாய்க் காவல் வேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளைகள் நுழைவுச்சீட்டோடு தலைநிமிர்ந்து செல்லலாம். அவ்வுரிமையைப் பயன்படுத்தாதிருப்பது அதனைப் பெற்றுத்தந்தவர்களுக்கு நாம் செய்யும் குறை.

விதிகன் அளித்தது ஒரு பலகைக் கல். அவன் செல்வனா வறியவனா என்பதை அக்கல் கூறவில்லை. தன் தாயின் பெயரால் உறவைத் தொடங்கி, நண்பர் ஈறாக எல்லோரையும் தன் கொடையில் அவன் சேர்த்துக்கொண்டான் என்பதை மட்டும் கூறுகிறது. நம் தாய்மார்களின் பிடியரிசிப் பானையில் யார் பெயரும் எழுதப்படவில்லை. இவ்வெள்ளி விழா மலரின் கடைசிப் பக்கங்களில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிடியரிசி அளித்த தாய்மார்களின் பெயர்களை ஊர்வாரியாக அச்சிட வேண்டும் என்று விழாக்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு பெயரின் முடிவிலும் 'தானம்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து அச்சிடுக. பின்னொரு காலத்தில் இதனைப் படிப்பவர்க்கு அச்சொல் பயன்படும்.